கடைவீதியில் மரக்கிளை வெட்டும்போது கீழே நிற்பவர்களைக் காப்பது யார்?

கேள்வி: ஈரோடு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், பேருந்து நிறுத்தத்தை ஒட்டி நானும் என் கணவரும் பேக்கரி நடத்தி வருகிறோம். கடைக்கு முன்னால் வயதான தூங்குமூஞ்சி மரம் ஒன்று நிற்கிறது. சென்ற மாதம் பராமரிப்பு மின்தடை நாளன்று, மாலை நாலே கால் மணி அளவில் நான்கு பேர் வந்து கிளைகளை வெட்டினார்கள். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் நிறுத்தத்தில் கூட்டமாக நின்றிருந்தார்கள். தொடைப் பருமன் உள்ள கிளை ஒன்று, ஒரு மாணவிக்கு மூன்றடி தள்ளி விழுந்து, எங்கள் வாடிக்கையாளரின் ஸ்கூட்டரை நசுக்கிவிட்டது. கயிறும் கட்டவில்லை, பலகையும் வைக்கவில்லை. யார் அனுப்பிய ஆட்கள் என்று கேட்டதற்கும் சரியான பதில் இல்லை. மரத்தில் பாதி இன்னும் வெட்டப்படாமல் இருப்பதால் மறுபடியும் வருவார்கள். ஆடிக் காற்றுக்கு முன்பு கிளைகளைக் கழித்தாக வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். வேலையைத் தடுக்க விருப்பமில்லை. அடுத்த முறை யாருக்கும் அடிபடாமல் இருக்க, என்ன கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும்? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

மதிப்பிற்குரிய சகோதரிக்கு வணக்கம்.

அன்று அந்த மாணவி தப்பியதற்கு யாருடைய முன்னேற்பாடும் காரணமில்லை என்பது உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அதே ஆட்கள் அதே முறையில் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று நீங்கள் அஞ்சுவது முற்றிலும் நியாயம். மின்பாதையை ஒட்டிய மரவேலைகளில் பாதுகாப்புப் பொறியாளராகப் பணிபுரிந்து, அப்பணியாளர்களுக்குப் பயிற்சியும் அளித்து வருபவன் என்ற முறையில், நீங்கள் வைக்க வேண்டிய கோரிக்கைகளில் ஒன்றுக்கு மட்டும் முதலிடம் கொடுக்கும்படி வேண்டுகிறேன். மக்களை மரத்தடிக்கு வரவிடாமல் நிறுத்துவதைத் தவிர வேறெந்த வேலையும் கொடுக்கப்படாத ஓர் ஆள் கீழே நிற்க வேண்டும். கயிறு, பலகை, தலைக்கவசம் ஆகிய அனைத்தும் அவசியமே. ஆயினும் அந்த ஓர் ஆள் இல்லாத இடத்தில் கயிற்றைத் தாண்டி உள்ளே வருபவரை நிறுத்த யாரும் இருப்பதில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குக் கணக்கே சான்று. பச்சை மரம் கன அடிக்கு ஏறக்குறைய 25 கிலோ எடை இருக்கும். மரத்துக்கு மரம் இது சற்றுக் கூடும், குறையும். ஓரடி விட்டமும் பத்தடி நீளமும் உள்ள ஒரு கிளை, தழையையும் மிலாறையும் (சிறு குச்சிகளையும்) கணக்கில் சேர்க்காமலே, இரண்டு குவிண்டால் வரை வரும். இருபதடி உயரத்திலிருந்து அது தரைக்கு வர ஒரு நொடிக்குச் சற்றே கூடுதலான நேரம் போதும். தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரை நெருங்கிவிடும். மேலே இருப்பவர் சத்தம் போடுவதும், கீழே இருப்பவர் அதைக் காதில் வாங்கி நிமிர்ந்து பார்த்து எந்தப் பக்கம் ஓடுவது என்று முடிவெடுப்பதும் அந்த ஒரு நொடிக்குள் நடக்கக் கூடியவை அல்ல. மரம் அறுக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதன் இரைச்சல் 100 டெசிபெலைத் தாண்டுவதால், பத்தடி தூரத்தில் நின்று கத்தினாலும் மெஷினைப் பிடித்திருப்பவருக்குக் கேட்காது. ஆகவே, கிளை முறிந்த பிறகு எச்சரிப்பது பாதுகாப்பு ஆகாது. அறுக்கத் தொடங்கும் முன்பே கீழே ஒருவரும் இல்லை என்பது உறுதியாக வேண்டும்.

நான்கு பேர் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி வரும் குழுவில் பெரும்பாலும் ஒருவர் மரத்தில் ஏறியிருப்பார், ஒருவர் வடக்கயிற்றைப் பிடித்திருப்பார், மற்ற இருவரும் விழுந்ததை இழுத்து ஓரம் கட்டிக்கொண்டிருப்பார்கள். நால்வரும் உழைப்பாளிகள்தாம்; ஆனால் நால்வரின் கண்ணும் மரத்தின் மீதோ தரையில் கிடக்கும் கிளையின் மீதோ இருக்கும். சாலையைப் பார்த்து நிற்பவர் ஒருவரும் இல்லை. ஐந்தாவதாக ஒருவர் வந்து, கையில் விசிலும் கொடியும் வைத்துக்கொண்டு, மரத்துக்கு முதுகைக் காட்டி, வருவோர் போவோரை மட்டும் பார்த்து நின்றால் அந்த வேலையின் தன்மையே மாறிவிடும். அவர் கையை உயர்த்திக் காட்டும் வரை மேலே இருப்பவர் அறுக்கத் தொடங்கக் கூடாது; அவர் விசில் ஊதிவிட்டால், காரணம் கேட்காமல் மெஷின் நிற்க வேண்டும். ஒரு நாள் கூலி கூடுதலாகிறது என்பதால்தான் இந்த ஆளைப் பல ஒப்பந்தக்காரர்கள் சேர்ப்பதில்லை. ஐந்தாவது ஆள் இல்லாமல் கடைவீதியில் மரவேலையைத் தொடங்க அனுமதிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நம் பகுதியில் அந்த ஆளுக்குச் சிறப்பான ஒரு பொறுப்பும் உண்டு. வேம்போ வாகையோ அரசோ வெட்டப்படுகிறது என்று தெரிந்தால், ஆட்டுக்குத் தழை சேர்க்கவும் அடுப்புக்கு மிலாறு பொறுக்கவும் மக்கள் வந்துவிடுவார்கள். தூங்குமூஞ்சி மரமானால் அதன் காயையும் ஆடு மாடுகள் விரும்பித் தின்னும் என்பதால் கூட்டம் இன்னும் கூடும். கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் நான் மேற்பார்வையிட்ட ஒரு வேலையில், கட்டியிருந்த கயிற்றை ஒரு மூதாட்டி கையால் தூக்கிவிட்டு, குனிந்து உள்ளே நுழைந்து, விழுந்து கிடந்த தழையை மடியில் கட்டத் தொடங்கினார். அடுத்த கிளை பாதி அறுபட்ட நிலையில் அவர் தலைக்கு மேலே இருந்தது. காவல் நின்ற இளைஞர் விசில் ஊதி அறுப்பை நிறுத்திவிட்டு அருகில் போய், "ஆத்தா, கொஞ்சம் அக்கட்டால நில்லுங்க, தழையை நாங்களே எடுத்தாந்து போடறோமுங்க" என்று சொல்லி, ஒரு கட்டுத் தழையையும் கொண்டுவந்து கயிற்றுக்கு வெளியே போட்டார். அந்த அம்மாள் அதன் பிறகு கயிற்றைத் தொடவில்லை. வந்த மற்றவர்களையும் அவரே அங்கேயே நிற்கச் சொன்னார். தழை வேண்டுவோருக்கு அதைக் கயிற்றுக்கு வெளியே ஒரு மூலையில் குவித்துக் கொடுப்பது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால், அதட்டலும் சண்டையும் இல்லாமல் கூட்டம் கட்டுக்குள் இருக்கும்.

அடுத்து, நேரத்தைப் பற்றி. நாலே கால் மணிக்கு வெட்டியதுதான் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருந்தச் செய்த செய்தி. இதற்குக் காரணம் தனிமனிதரின் அலட்சியம் மட்டுமன்று. மின்கம்பி ஓரத்து மரத்தை மின்சாரத்தை நிறுத்தாமல் வெட்ட முடியாது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலை 9 மணிக்குத் தொடங்கி மாலை 4 அல்லது 5 மணி வரை அறிவிக்கப்படுகிறது. அதாவது கடைவீதி விழித்திருக்கும் நேரமும் மரம் வெட்டக்கூடிய நேரமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றுக்கு நம் பகுதி நேர் எதிரே இருப்பதால், வைகாசி, ஆனி மாதங்களிலேயே எல்லா ஊர்களிலும் கிளை கழிக்கும் வேலை நெருக்கிவிடும். ஒரே நாளில் ஐந்தாறு இடம் முடிக்க வேண்டிய குழு, உங்கள் கடைக்கு வந்து சேரும்போது மின்சாரம் திரும்புவதற்குள் முடித்தாக வேண்டிய அவசரத்தில் இருக்கும். களைத்த கையும் அவசரமும் பள்ளி விடும் நேரமும் ஒன்றாகச் சேரும் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில் கிளையில் வெட்டு விழவே கூடாது. கூட்டம் சேரும் நிறுத்தத்தின் பக்கமுள்ள கிளைகளைப் பள்ளிப் பிள்ளைகள் போய்ச் சேர்ந்த பிறகு, முற்பகலிலேயே முடித்துவிட்டு, மூன்று மணிக்கு மேல் வெட்டியதை அப்புறப்படுத்தும் வேலையை மட்டும் செய்ய வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அன்று ஒரு நாளைக்குப் பேருந்து நிறுத்தத்தை நூறு மீட்டர் தள்ளி வைக்கும்படி காவல் நிலையத்தையும் போக்குவரத்துக் கழகக் கிளையையும் கேட்பதும் பயனுள்ளது.

எவ்வளவு இடத்தை அடைக்க வேண்டும் என்று உங்களிடம் கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள். மரத்தை அடியோடு சாய்ப்பதானால் மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்குத் தூரம் வரை ஆள் நடமாட்டம் கூடாது என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் விதி. கிளை கழிப்பதற்கு அவ்வளவு தேவையில்லை; ஆனால் கிளை நேர் கீழே விழும் என்று எண்ணி மரத்தடியை மட்டும் அடைப்பது தவறு. நுனித் தழை முதலில் தரையில் ஊன்றி, கிளையின் அடிப்பகுதி எதிர்ப்பக்கம் எகிறும். குறுக்கே போகும் கேபிள் டிவி ஒயரின் மீது விழுந்தால் வில்லிலிருந்து விடுபட்டதைப் போலத் தெறிக்கும். தழைப்பரப்பின் வெளி விளிம்பிலிருந்து மேலும் பதினைந்தடியாவது தள்ளிக் கயிறு கட்டச் சொல்வது என் வழக்கம். சாலையில் எச்சரிக்கைப் பலகை மரத்தடியில் இருந்து பயனில்லை. வண்டி ஓட்டி வருபவர் வேகத்தைக் குறைக்க இடம் வேண்டும். சாலைப் பணியிடப் போக்குவரத்து பற்றி சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் வெளியிட்டுள்ள எஸ்பி 55 என்னும் வழிகாட்டி, வேலை நடக்கும் இடத்துக்கு வெகு முன்பே முன்னெச்சரிக்கைப் பகுதி தொடங்க வேண்டும் என்றே வகுத்திருக்கிறது.

மின்சாரம் பற்றிய பகுதியில் உங்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். "இன்னைக்கு ஷட் டவுன், கரண்ட் இல்லை" என்ற நம்பிக்கையில் கம்பியை ஒட்டிய கிளையில் கை வைப்பது உயிருக்கு ஆபத்தானது. அந்தப் பாதைக்கு முறையாக எல்சி எனப்படும் லைன் கிளியர், அதாவது வேலை செய்வதற்கான அனுமதி வாங்கி, பாதையைத் துண்டிக்கும் ஏபி ஸ்விட்சைத் திறந்து, கம்பியில் மின்சாரம் இல்லை என்று சோதித்து, கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு போட்ட பிறகே அது தொடத்தக்க கம்பி. எர்த் ராடு ஏன் என்றால், கடைகளிலும் தறிப்பட்டறைகளிலும் மின்தடை அன்று ஜெனரேட்டர்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஜெனரேட்டரையும் வீதி மின்சாரத்தையும் ஒன்று சேரவிடாமல் பிரிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல், ஜெனரேட்டர் ஒயரை நேரடியாகப் பிளக்கில் செருகி ஓட்டும் ஒரே ஒரு கடையின் 240 வோல்ட், வீதிக் கம்பி வழியாகப் பின்னோக்கிப் பாயும். டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் பிடுங்கப்படாமல் இருந்தால், மறுபக்கத்தில் அது பல ஆயிரம் வோல்ட்டாகவே உயர்ந்து நிற்கும். பேக்கரியில் ஃபிரிட்ஜும் மிக்ஸரும் இருக்கும் என்பதால் உங்களிடமும் ஜெனரேட்டர் இருக்கலாம். அதற்குச் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடப்பட்டிருக்கிறதா என்று அடுத்த மின்தடைக்கு முன் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துவிடுங்கள். பக்கத்துக் கடைக்காரர்களிடமும் சொல்லுங்கள். மரத்தின் மேலே இருப்பவரின் உயிர் அந்தச் சுவிட்சை நம்பியிருக்கக் கூடும்.

வேலை நடக்கும் முறையில் தொலைவிலிருந்தே நீங்கள் கவனிக்கக் கூடியவை சில உண்டு. பெரிய கிளையை ஒரே வெட்டில் விழவிடாமல், கயிற்றில் கட்டி, மேலே ஒரு கவையில் சுற்றி, துண்டு துண்டாக இறக்க வேண்டும். மேற்புறமாக மட்டும் அறுத்தால் கிளை பட்டையோடு கிழிந்து, அறுப்பவர் எதிர்பாராத நேரத்தில் எதிர்பாராத பக்கம் சாயும். அதனால் முதலில் அடிப்புறத்தில் ஒரு வெட்டும், சற்றுத் தள்ளி மேற்புறத்தில் இரண்டாவது வெட்டும் போட்டுப் பாரத்தை இறக்கிவிட்டு, எஞ்சிய முளையை மூன்றாவதாக அறுப்பார்கள் நன்கு பழகியவர்கள். ஜேசிபி பக்கெட்டில் ஆளை நிறுத்தி உயர்த்துவது எங்கு நடந்தாலும் தவறே. அது மண் அள்ளுவதற்கானது, ஆளைத் தாங்கும் தடுப்போ பூட்டோ அதில் கிடையாது. மேலே ஏறுபவருக்கு இடுப்புக் கயிறு மட்டும் போதாது, உடல் முழுவதையும் தாங்கும் பாதுகாப்புப் பட்டை வேண்டும். கீழே நிற்கும் அனைவருக்கும் ஐஎஸ் 2925 என்னும் இந்தியத் தர முத்திரையுள்ள தலைக்கவசம் வேண்டும். கம்பி அருகே அலுமினியத் தொரட்டியை நீட்டுவதைக் கண்டால் உடனே காவல் நிற்பவரிடம் சொல்லுங்கள். உங்கள் கடை விளம்பரப் பலகை மரத்தில் ஆணியடித்து மாட்டப்பட்டிருந்தால் முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். ஓடும் செயின் ஆணியில் பட்டால் மெஷின் எகிறி அறுப்பவரின் முகத்துக்கே வரும். மரத்தில் மலைத்தேனீக் கூடு இருந்தாலும் குழுவினர் ஏறும் முன் காட்டிக் கொடுங்கள்.

இனி, யாரிடம் கேட்பது என்பது. கம்பியில் உரசும் கிளையை அகற்ற 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் வழி செய்துள்ளது. அந்த வேலையை மின்வாரியத்தின் ஊழியர்களோ, அதன் ஒப்பந்தக்காரரோ செய்வார்கள். மரம் நெடுஞ்சாலை எல்லைக்குள் நின்றால் நெடுஞ்சாலைத் துறையும், ஊர்த்தெருவில் நின்றால் பேரூராட்சியோ நகராட்சியோ அதற்குப் பொறுப்பு. வந்தவர்கள் யார் என்று தெரியாதபோது மூன்று அலுவலகங்களுக்கும் ஒரே கடிதத்தை எழுதுவதே நல்லது: மின்வாரியப் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளர், நெடுஞ்சாலைத் துறை உதவிக் கோட்டப் பொறியாளர், உள்ளாட்சியின் செயல் அலுவலர் அல்லது ஆணையர். சென்ற மாதம் வேலை செய்தது யாருடைய ஆணைப்படி, அடுத்த வேலை எந்தத் தேதியில், அன்று களத்தில் பொறுப்பேற்கும் மேற்பார்வையாளர் யார் என்ற மூன்றையும் கேட்டு, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மின்தடை அறிவிப்பு முந்தைய நாளே செய்தித்தாளில் வந்துவிடுகிறது. அன்றைக்கு மரவேலையும் உண்டா என்பதை மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் கேட்கலாம். பொது இடத்து மரத்தை முழுவதுமாக வெட்டிச் சாய்ப்பதானால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். கழிப்பதாகச் சொல்லிவிட்டு மொட்டையடிக்கும் வேலை நடந்தால் அதுவும் புகாருக்கு உரியதே.

வேலையைத் தடுத்ததாகப் பெயர் வந்துவிடுமோ என்ற தயக்கம் உங்களுக்கு வேண்டாம். 2024 ஜூலை முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவின்படி, பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து நேரும்படி கவனக்குறைவாகச் செயல்படுவது, யாருக்கும் காயம் படாவிட்டாலும், குற்றமே. அதற்காக மரம் ஏறும் தொழிலாளியின் மீது புகார் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கயிறும் காவலாளும் கொடுக்காமல் அவரை அனுப்பியவரே பதில் சொல்ல வேண்டியவர். ஸ்கூட்டர் உரிமையாளர் சேதத்தின் படங்களையும் பழுதுபார்ப்புக் கணக்கையும் வைத்துக் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து, அதன் நகலோடு இழப்பீடு கேட்கலாம். வண்டிக்கு முழுக் காப்பீடு இருந்தால் அந்த நிறுவனத்துக்கும் தாமதமின்றித் தெரிவிக்கட்டும்.

வேலை நாளன்று காலையில் கடை முன்னால் உள்ள வண்டிகளையும் பெஞ்சையும் நீங்களே அகற்றிவிட்டு, மேற்பார்வையாளரைப் பார்த்து, காவல் நிற்பவர் யார் என்று பணிவாகக் கேளுங்கள். ஒருவரும் இல்லை என்றால், ஆள் வரும் வரை காத்திருக்கும்படி கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கிளையோடு கம்பியும் அறுந்து விழுந்துவிட்டால் முப்பதடிக்குள் யாரையும் விடாதீர்கள். அருகில் மாட்டிக்கொண்டவர் காலை அகல வைத்து ஓடாமல், இரு பாதங்களையும் சேர்த்து, தரையை விட்டு எடுக்காமல் தேய்த்துத் தேய்த்து விலக வேண்டும். கம்பி விழுந்த வண்டியில் இருப்பவர் தீப்பிடிக்காத வரை உள்ளேயே இருக்கட்டும். மின்வாரியத்தார் வந்து இணைப்பைத் துண்டித்ததை உறுதி செய்யும் வரை அடிபட்டவரைக் கூடத் தொடக் கூடாது. 108க்கும் மின்னகத்துக்கும் உடனே அழையுங்கள்.

இவையெல்லாம் அடுத்த முறைக்கு. இன்றே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அவசரத்தில் முடித்த வேலையில், அறுபட்டும் விழாமல் மற்றொரு கிளையிலோ கேபிள் ஒயரிலோ மாட்டி நிற்கும் துண்டுகளும், பாதி கிழிந்து பட்டையில் தொங்கும் முளைகளும் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். நல்ல வெளிச்சத்தில், தழைப்பரப்புக்கு வெளியே சாலையின் எதிர்ப்பக்கம் நின்று, மரத்தை அண்ணாந்து பாருங்கள். தழை மட்டும் வாடிப் பழுத்து நிற்கும் இடம் இருந்தால் அங்கே அறுபட்ட கிளை ஒன்று தொங்குகிறது என்று பொருள். அதைக் கண்டால் நீங்களே தொரட்டி போட்டு இழுக்க முயலாமல், படம் எடுத்து மேலே சொன்ன மூன்று அலுவலகங்களுக்கும் அன்றே அனுப்பி, அது அகற்றப்படும் வரை பிள்ளைகள் பேருந்துக்கு நிற்கும் இடத்தை உங்கள் கடையின் மறுபக்கத்துக்கு மாற்றி வையுங்கள்.